நட்டை இறுக்கினால் சரிவரும் என்றார்கள்

திருத்தக் கொடுத்த இடம் நன்றாகத் திருந்தி, கையே வைக்காத இடம் பழுதாகி நின்றால் யாரைப் பேசுவது? எங்கள் வீட்டில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. மாமா கியர் பொக்ஸ் திருத்திய ஆளைப் பேசுகிறார். நான் அந்த ஆளுக்காகக் கதைக்கிறேன், இத்தனைக்கும் எனக்கு அவரை அவ்வளவாகப் பழக்கமில்லை. மாமிக்கு எங்கள் இரண்டு பேரிலும் கோபம். காரை விற்றுப்போட்டு நல்லூருக்கு ஒரு ஓட்டோ பிடித்தால் போதும் என்பது அவவின் கட்சி.

கார் மொறிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சின் உள்ளது. யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் மாமாவின் வளவில் நிற்கிறது. இரண்டாம் கியர் அடிக்கடி தானாக வெளியே பாயும், அதோடு கியர் பொக்ஸுக்குள் இருக்கும் லே ஷாஃப்ற் பெயாரிங் இரைந்த இரைச்சலில் முன் சீற்றில் இருப்பவர்கள் கத்திக் கதைக்கவேண்டும். லண்டனில் இருக்கும் மச்சான் லீவில் வந்தபோது பெயாரிங் செற், கியர் பொக்ஸ் ரப்பர் (கியர் பொக்ஸ் அமர்ந்திருக்கும் ரப்பர்த் தாங்கி), இன்னும் சில சாமான்களையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். (அங்கே மைனருக்கு இன்றைக்கும் புதிதாகவே சாமான் செய்து விற்கிறார்கள். இங்கே நாங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் தேடி அலைவது வேறு கதை.) ஒரு கராஜில் கொடுத்தோம். கியர் பொக்ஸை இறக்கி, பிரித்து, எல்லாம் மாற்றித் தந்தார்கள். இரைச்சல் போய்விட்டது. இரண்டாம் கியர் போட்ட இடத்தில் நின்றது. ஆனால் ரிவேர்ஸ் போட்டால் கறகறவென்று பல் அரைத்தது. கிளச் பெடலை நிலத்தோடு மிதித்தால்தான் கிளச் கொஞ்சமாவது விலகி எஞ்சினைக் கியர் பொக்ஸிலிருந்து பிரித்தது, அதுவும் சூடேறினால் இல்லை.

நட்டு வைத்தியம்

கார் வைத்திருப்பவன் ஊரில் தனியாக நோய் பார்க்க முடியாது. பொனற் திறந்திருப்பதைக் கண்டால் படலைக்குள் ஆள் வரும். வந்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: கிளச் நட்டை இறுக்கு, சரிவரும். கராஜ்காரரும் அதைத்தான் போனில் சொன்னார். ஒருவர் சொல்லியதோடு நில்லாமல் தானே காருக்குக் கீழே படுத்து இறுக்கியும் விட்டார்.

மைனரில் கிளச்சுக்கு எண்ணெயும் கிடையாது, கேபிளும் கிடையாது, எல்லாம் கம்பியும் லிவரும்தான். பெடல் தரைத்தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது. அங்கே ஒரு கம்பி அதைக் குறுக்கே கிடக்கும் ஒரு தண்டோடு இணைக்கிறது. அந்தத் தண்டின் ஒரு தலை சேசிஸில், மறுதலை கியர் பொக்ஸ் பக்கத்தில், ஒவ்வொன்றும் ஒரு புஷ்ஷுக்குள், அதாவது தண்டைத் தாங்கி உருளவிடும் வளையத்துக்குள். தண்டு உருளும்போது அதிலுள்ள இன்னொரு லிவர் இரண்டாவது கம்பியை அசைக்கும், அது கிளச் ஃபோர்க்கை அசைக்கும், ஃபோர்க் உள்ளே இருக்கும் காபன் பெயாரிங்கைக் கொண்டுபோய், கிளச் பிளேற்றை இறுக்கிப் பிடிக்கும் பிறஷர் பிளேற்றில் அமர்த்தும். நட்டு இருப்பது இரண்டாவது கம்பியின் தலையில். அதன் உண்மையான வேலை மிகச் சின்னது: கிளச் பிளேற் தேயத் தேய பெடலில் இருக்கவேண்டிய சும்மா ஆட்டம் குறைந்துகொண்டு வரும், அதைத் திரும்ப ஓரங்குலம் அளவுக்குக் கொண்டுவந்து வைக்கவேண்டும், அவ்வளவுதான். அந்த ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் காபன் எந்நேரமும் உரசிக்கொண்டு கிடக்கும். மற்றக் கார்களில் இருப்பதுபோல அது குண்டு பெயாரிங் அல்ல, வெறும் கரி வளையம். உரசினால் கரையும்.

எங்கள் நட்டுக்கு இனிப் போகப் புரி இல்லை என்கிற அளவுக்கு இறுக்கியாகிவிட்டது. பெடலில் சும்மா ஆட்டம் ஒரு துளியும் இல்லை. இருந்தும் ரிவேர்ஸ் அரைத்தது. எனக்கு அந்த இடத்தில்தான் அரிக்கத் தொடங்கியது. நட்டு குறைவாக இருந்ததுதான் நோய் என்றால் இவ்வளவு இறுக்கியபின் கிளச் நன்றாகவே விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. அப்படியென்றால் நாங்கள் மிதிக்கும் மிதி எங்கோ வழியில் காணாமல் போகிறது, அல்லது மிதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தும் உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் ஸ்பனரைத் தொடுவதில் பயனில்லை.

கியர் பொக்ஸா கிளச்சா என்பதைப் பிரிப்பது லேசு. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தோம், சுகமாக விழுந்தது. எஞ்சின் ஓடும்போதுதான் அரைக்கிறது. மைனரில் முதலாம் கியருக்கும் ரிவேர்சுக்கும் சிங்குறோமெஷ் (சுற்றும் வேகங்களை ஒன்றாக்கிப் பல் அரையாமல் விழவைக்கும் அமைப்பு) இல்லை, அதனால் கிளச் மிதித்த உடனே போட்டால் நல்ல காரிலும் கொஞ்சம் அரைக்கும். மிதித்துக்கொண்டு சில வினாடி பொறுத்துப் போடவேண்டும். பொறுத்தும் அரைத்தால் கிளச் முழுதாக விலகவில்லை, உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே கியர் பொக்ஸ் வேலையில் குறையில்லை என்று நான் சொன்னேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "முந்தி அரைக்கேல்லை, அவன் கை வைச்சாப் பிறகுதான் அரைக்குது, இதிலை என்ன விளக்கம்" என்றார். அவருடைய கோணத்தில் அதுவும் நியாயம்தான்.

உள்ளே என்னென்ன பிழைத்திருக்கலாம் என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. கிளச் பிளேற்றைப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தால், நடுவில் நீட்டியிருக்கும் பகுதி பிளை வீலில் முட்டிக் கிளச் விலகாது. கியர் பொக்ஸைத் திரும்பச் செருகும்போது அதன் பாரத்தைக் கீழிருந்து தாங்காமல் ஷாஃப்ற்றில் தொங்கவிட்டால் பிளேற் நெளிந்துவிடும், நெளிந்த பிளேற் ஒரு பக்கம் எப்போதும் உரசிக்கொண்டு நிற்கும். ஷாஃப்ற்றின் முனை போய் இருக்கும் சின்னப் பித்தளைப் புஷ் எண்ணெயில் ஊறாமல் காய்ந்தபடி பூட்டப்பட்டு இறுகினால், கிளச் விலகினாலும் அந்தப் புஷ்ஷே ஷாஃப்ற்றை இழுத்துச் சுற்றும். இவை எல்லாவற்றுக்கும் வெளியில் தெரியும் குறி ஒன்றுதான், ரிவேர்ஸ் அரைப்பது. எதுவாக இருந்தாலும் கியர் பொக்ஸைத் திரும்ப இறக்கவேண்டும். மாமா அந்தச் செலவை நினைத்து இரண்டு நாள் காரின் பக்கமே போகவில்லை.

"பழைய ரப்பர் எங்கை?"

உரும்பிராயில் ஒரு அண்ணை இருக்கிறார். இப்போது தொழில் செய்வதில்லை. முந்தி லொறிகளும் வாடகைக் கார்களும் பார்த்தவர். ஒரு பின்னேரம் சைக்கிளில் வந்தார். பிளேன் ரீ குடித்தார், கதையெல்லாம் கேட்டார், நட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கியர் பொக்ஸ் ரப்பர் மாத்தினதோ?" என்றார். ஓம் என்றோம். "பழசு எங்கை?"

பழையது தண்ணி மோட்டருக்குக் கீழே இருந்தது. மோட்டர் அதிராமல் இருக்க மாமா வைத்திருந்தார். (யாழ்ப்பாணத்தில் எந்தச் சாமான் குப்பைக்குப் போயிருக்கிறது?) எடுத்துக் கொடுத்தோம். அண்ணை அதைச் சீமெந்துத் திண்ணையில் வைத்து உருட்டிப் பார்த்தார். எண்ணெய் குடித்து ஊறி, பாரத்தில் நசிந்து, ஒரு பக்கம் பிதுங்கி வழிந்திருந்தது. ஸ்ரீல் றூலரை அதன் பக்கத்தில் நிறுத்திப் பிடித்தார். பிறகு காருக்குக் கீழே போய்ப் புதியதைப் பார்த்துவிட்டு வந்தார். "அரை அங்குலத்துக்குக் கிட்ட எழும்பியிருக்கு தம்பி" என்றார். "உங்கடை கியர் பொக்ஸ் இவ்வளவு காலமும் படுத்துக் கிடந்தது. இப்பத்தான் எழும்பி இருக்குது."

எனக்கு உடனே விளங்கவில்லை. எழும்பியிருப்பது நல்லதுதானே, அதற்காகத்தானே ரப்பர் மாற்றினோம்? அவர் விளக்கம் சொல்லவில்லை. என்னைச் சீற்றில் ஏறி மெதுவாக, மிக மெதுவாக, பெடலை மிதிக்கச் சொன்னார். தான் கீழே படுத்துக்கொண்டு வெள்ளைச் சோக்கால் தண்டில் ஒரு கோடு போட்டார், றூலரை ஃபோர்க்கின் நுனியில் பிடித்தார். "மிதி. நில். விடு. இன்னொருக்கா மிதி." பிறகு இடம் மாறச் சொன்னார், மாமா மிதித்தார், நான் கீழே போனேன்.

அங்கே கண்டதை மறக்கமாட்டேன். பெடல் பாதித் தூரம் போகும்வரை ஃபோர்க் அசையவே இல்லை, நட்டை இவ்வளவு இறுக்கியபிறகும். சோக்குக் கோடும் போட்ட இடத்தில் அப்படியே நின்றது. தண்டு உருளாமல் எழும்பியது. கியர் பொக்ஸ் பக்கத் தலை புஷ்ஷுக்குள் மேலே ஏறி, ஏற இடம் முடிந்ததும்தான் உருளத் தொடங்கியது. அதற்கிடையில் மாமாவின் கால் நிலத்தைத் தொட்டுவிட்டது. ஃபோர்க்குக்குக் கிடைத்தது மிச்சம் மீதி. அண்ணை என் கையைப் பிடித்து விரலைத் தண்டின் தலைக்குப் பக்கத்தில் வைத்தார். "கண்ணை மூடிக்கொண்டு பார்" என்றார். மாமா மிதிக்க, டிக் என்று ஒரு தட்டு விரலில். பெடலை விட்டால் இன்னொரு தட்டு. பெடல் பக்கக் கம்பியைக் கோர்த்திருக்கும் சின்ன இரும்புப் பின்னிலும் அதே தட்டு, கொஞ்சம் சின்னதாக.

கழற்றினோம். புஷ் இருக்கவேண்டிய இடத்தில் புஷ் இல்லை. ஒரு துண்டு அலுமினியக் குழாய், அதைச் சுற்றிப் பால்மா ரின் தகரம், தகரத்தில் எழுத்தின் பாதி இன்னும் தெரிந்தது. உள்வட்டம் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. பெடல் பின்னுக்குப் பதிலாக ஆணி ஒன்றை அளவாக வெட்டி, தலையைத் தட்டிப் போட்டிருந்தார்கள். நல்ல வேலை. உண்மையாகத்தான் சொல்கிறேன், அளவெடுத்துச் செய்த கை. கியர் பொக்ஸ் தாழ்ந்து கிடந்த உயரத்துக்கு அது கச்சிதமாக இருந்திருக்கிறது. தண்டு எந்த இடத்தில் தங்கி உருண்டதோ அந்த இடத்தில் குழி விழுந்து, அந்தக் குழியே அதற்கு வீடாகியிருக்கிறது. இப்போது கியர் பொக்ஸ் எழும்ப, தண்டு குழியை விட்டு விலகிவிட்டது, சுற்றிவர இடம் வந்துவிட்டது.

முட்கம்பியை விழுங்கி வளர்ந்த கிளுவங் கதியாலைப் பார்த்திருப்பீர்கள். கம்பியை நேராக்குகிறேன் என்று இழுத்தால் கதியால் பிளக்கும். இந்தக் காரும் அந்த மாதிரித்தான் ஆகியிருந்தது. நசிந்த ரப்பர், தேய்ந்த புஷ், ஆணிப் பின், எல்லாம் ஒன்றின் பிழையை ஒன்று வாங்கிக்கொண்டு ஓடியிருக்கின்றன. கராஜ்காரர் அதில் ஒன்றைச் சரியாக்கினார், அவ்வளவுதான்.

தகரத்தைப் பூட்டிய காலம்

யார் இதைச் செய்தது என்று மாமாவுக்கு நினைவில்லை, எந்தக் காலம் என்று மட்டும் தெரியும். 1990 க்குப் பிறகு எரிபொருள் தடை, பற்றரித் தடை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் இருந்து ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெற்கே போகும் ஏ9 பாதை மூடியிருந்தது, கிளாலிக் கடலைத் தாண்டி வருகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள், அதில் மைனருக்குக் கிளச் புஷ் கொண்டுவா என்று யார் சொல்லிவிடுவது? 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது இந்தக் காரும் போனது. பின் சீற்றில் நடக்கமுடியாத அம்மம்மா, மடியில் அரிசிப் பை. அந்த இரவு முழுக்க நகர்வதும் நிற்பதுமாகத்தான் பயணம், அதாவது முழுக்க முழுக்கக் கிளச்சில். தகரம் சுற்றிய புஷ்தான் தாங்கியது.

ஆகவே அதைப் பழித்து எழுத எனக்கு மனமில்லை. ஆனால் எங்களிடம் ஒரு பெருமை இருக்கிறது, எதைக் கொடுத்தாலும் பொருத்தி ஓட்டிவிடுவோம் என்று, அதை நாங்கள் சொல்லும் விதத்தில் எனக்கொரு குறை. கார் ஓடியதோடு கதையை முடித்துவிடுகிறோம். எதை எடுத்து எதைப் போட்டோம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பாதை 2002 இல் திறந்தது, 2006 இல் மூடியது, 2009 க்குப் பிறகு திரும்பத் திறந்தது, சாமான் வரத் தொடங்கி எவ்வளவோ காலம். தகரத்தை மாற்றலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது அங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. பூட்டிய கை இன்று உயிரோடு இருக்கிறதோ தெரியாது.

இனி வழக்குக்கு வருவோம். மாமா இப்போது தன் வாதத்தை மாற்றிக்கொண்டுவிட்டார். கியர் பொக்ஸை இறக்கும்போது அந்தத் தண்டைக் கழற்றித்தானே இறக்கினான், தகரத்தைக் கண்டிருப்பான்தானே, கண்டுவிட்டுத் திரும்பப் பூட்டினது எந்த நியாயம் என்கிறார். இது பலமான கேள்வி. எனக்கும் இதற்கு முழுப்பதில் இல்லை. கழற்றிய பின்னைக் கையில் வைத்து ஒருதரம் உருட்டிப் பார்த்திருந்தால் அது ஆணி என்று தெரிந்திருக்கும். புது ரப்பர் போட்டால் உயரம் மாறும், உயரம் மாறினால் தண்டின் சாய்வு மாறும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாததல்ல. பூட்டி முடித்ததும் ஒருவரை மிதிக்கச் சொல்லிக் கீழே பார்த்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை.

ஆனால் நான் அவருடைய இடத்தில் நின்றும் பார்க்கிறேன். கியர் பொக்ஸுக்குக் கூலி பேசிக் காரை விட்ட ஆளிடம் போய், ஐயா, உங்கள் கிளச் தண்டிலும் வேலை இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஊரில் என்ன மறுமொழி கிடைக்கும்? "பில்லை ஏத்தப் பாக்கிறான்." மாமாவே அப்படித்தான் சொல்லியிருப்பார், சொல்லாமல் விட்டிருப்பார் என்று அவராலேயே சத்தியம் பண்ண முடியாது. ஒருமுறை இதே மாமா, பிறேக் குழாய் ஊறிப்போய் இருக்கிறது என்று சொன்ன ஒருவரை விட்டுவிட்டு வேறு கராஜுக்குப் போனவர். இப்படி நாலு வாடிக்கையாளரைக் கண்ட மெக்கானிக் அதற்குப் பிறகு கேட்டதை மட்டும்தான் செய்வார். கண்டதைச் சொல்லமாட்டார். பிறகு கிளச் விலகவில்லை என்று போன் வந்தால், நட்டை இறுக்குங்கள் என்பார். நட்டுக்குக் காசில்லை, சண்டையும் இல்லை.

அண்ணை இதில் எந்தப் பக்கமும் சேரவில்லை. புஷ்ஷின் அளவை எடுத்துத் தந்தார். ஒரு லேத் பட்டறையில் கன்மெற்றல் என்கிற வெண்கல வகையில் கடைந்து எடுத்தோம். தண்டு இருக்கும் துளையின் இரண்டு விளிம்பையும் சற்று வளைத்துக் கடையச் சொல்லியிருந்தார். சேசிஸ் அசையாது, கியர் பொக்ஸ் ரப்பரில் அசையும், இரண்டுக்கும் நடுவில் மாட்டிய தண்டு கொஞ்சம் சாய்ந்தால் இறுகக்கூடாது என்பதற்காக. பட்டறைக்காரர் நேர்த்துளையாகவே கடைந்துவிட்டு, விளிம்பை அரத்தால் தேய்த்துத் தந்தார், பரவாயில்லை. பின்கள் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கிடைத்தன. பூட்டியதும் முதல் வேலையாக நட்டை நன்றாகப் பின்னுக்குத் தளர்த்தினோம். பெடலில் ஆட்டம் வந்தது. சோக்குக் கோடு பெடலோடு சேர்ந்து உருண்டது. மிதித்து, பொறுத்து, ரிவேர்ஸ் போட்டேன், சத்தமில்லாமல் விழுந்தது. இறக்கவேண்டும் என்று பயந்த கியர் பொக்ஸை இறக்காமலே.

ஒன்று மட்டும் மிச்சம். நட்டை முடியும்வரை இறுக்கி ஓடிய நாட்களில் காபன் எவ்வளவு கரைந்தது என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. மிதிக்கும்போது மெல்லிய சீறல் ஒன்று கேட்கிறது, எனக்குத்தான் கேட்கிறது, மாமாவுக்குக் கேட்கவில்லையாம். எஞ்சினின் முன் ரப்பர்களும் பழையவைதான். மச்சான் கொண்டுவந்த பெட்டியில் புதியவை பிரிக்காமல் கிடக்கின்றன. அவற்றைப் போட்டால் உயரம் இன்னொருமுறை மாறும், தண்டைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று அண்ணை முன்கூட்டியே சொல்லிவிட்டார். "ஓடுறதை ஏன்ரா கெடுப்பான்" என்று மாமா பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார். காபனுக்காக என்றோ ஒருநாள் கியர் பொக்ஸ் இறங்கத்தான் போகிறது, அன்றைக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வோம் என்று இப்போதைக்குப் பேசி வைத்திருக்கிறோம். எந்தக் கராஜ் என்பதில்தான் அடுத்த சண்டை.